ஊசி போட்ட மாடு மறுபடி கத்தவில்லை என்றால் சினை என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து. ஜூன் 12 அன்று சினை ஊசி போட்டது. மூன்றாம் நாள் வாலில் கொஞ்சம் ரத்தம் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் மாடு பருவத்துக்கு வந்து கத்தவே இல்லை. இன்றோடு 40 நாள். சினையா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா, டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும்?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 40ஆம் நாளில் வெளியே நின்று பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றிலிருந்து ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாட்டைக் கவனியுங்கள். அப்போதும் பருவத்துக்கு வராவிட்டால் ஆகஸ்ட் 11 வாக்கில், அதாவது 60ஆம் நாளை ஒட்டி, கால்நடை மருத்துவரை வைத்துக் கை விட்டுப் பாருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

நான் அரசு கால்நடை மருந்தகங்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கிராமங்கள். சினை பார்க்கப் போகும் வீட்டிலெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: "சார், சினைதானுங்களே?" ஆம் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். சினை மாடு நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்பது மாதத்தில் கன்று போட்டுவிடும். நாம் கை விடுவதே சினை பிடிக்காத மாட்டைக் கண்டுபிடிக்கத்தான். அது எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு பணம் மிச்சம்.

கணக்கு எளிது. மாட்டின் சினைக்காலம் சராசரியாக 280 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் 365இல் 280 போக மீதி 85 நாள். கன்று போட்ட 85 நாளுக்குள் மாடு மறுபடி சினை பிடித்தாக வேண்டும். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்பவே நாற்பது நாள் போல ஆகிவிடும். மிச்சமிருப்பது இரண்டு பருவம். கலப்பின மாட்டுக்கு 13, 14 மாதத்துக்கு ஒரு கன்று என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் நாலைந்து பருவம்தான் கையில் இருக்கிறது. ஐந்து மாதம் வரை சினை என்றே நம்பி வெறும் மாட்டுக்குத் தீவனம் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 60ஆம் நாளில் தெரிந்திருக்க வேண்டியது 150ஆம் நாளில் தெரிந்தால் 90 நாள் போச்சு. அதாவது நாலு பருவம். அதற்குள் பாலும் இறங்கியிருக்கும்.

ரத்தத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கோழையில் கொஞ்சம் ரத்தம் கலந்து வருவது சகஜம். இதுவரை கன்று போடாத கிடாரிகளில் இன்னும் அதிகம். பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது கர்ப்பப்பையின் உள்சுவரில் ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும். அந்த ஹார்மோன் இறங்கும்போது மிக நுண்ணிய குழாய்கள் கசியும். அவ்வளவுதான். "ரத்தம் போட்டால் சினை நிக்காது" என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். ரத்தம் வந்த மாடு சினை பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். ரத்தம் இரண்டையும் சொல்லாது. பெண்களின் மாதவிலக்கோடு சேர்த்து யோசிப்பதால்தான் இந்தக் குழப்பம். ரத்தம் சொல்லும் ஒரே செய்தி, பருவம் வந்து போய்விட்டது என்பது. பருவத்தைக் கவனிக்காமல் விட்டு ரத்தத்தை மட்டும் பார்த்தவர் அதைக் காலண்டரில் குறித்து வைத்தால், அடுத்த பருவம் இன்னும் 18, 19 நாளில் என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் மாட்டுக்கு மூன்றாம் நாள் ரத்தம் வந்ததில் எனக்குக் கவலை இல்லை. ஊசி போட்ட அன்றைக்கே ரத்தம் பட்டிருந்தால்தான் ஊசி தாமதமோ என்று சந்தேகப்படுவேன்.

சரி, கத்தவில்லை என்ற விஷயத்துக்கு வருவோம். சினை பிடிக்காத மாடு 21 நாளில், முன்பின்னாக 18 முதல் 24 நாளுக்குள், மறுபடி பருவத்துக்கு வரும். வராவிட்டால் சினை. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. தொழுவத்தில் எப்படி என்று பாருங்கள். பத்து மாட்டுக்கு ஊசி போட்டு நாலு சினை பிடித்தால் நம் ஊர் நிலைமைக்கு அது நல்ல கணக்கு. மீதி ஆறில் நாலின் பருவத்தை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், இரண்டைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது "கத்தாத மாடு" மொத்தம் ஆறு. அதில் நாலுதான் சினை. மூன்றில் ஒன்று காலி. உங்கள் மாடு அந்த மூன்றில் எது என்று எனக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது.

பருவம் எப்படித் தப்புகிறது? மொத்தமே 12 முதல் 18 மணி நேரம்தான் அது நீடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் குறையும். பாதிக்கு மேல் இரவிலும் விடியற்காலையிலும் வந்து போகும். வீட்டில் இருப்பது ஒற்றை மாடு, அதுவும் கயிற்றில். மேலே தாவுவதற்கோ தாவவிட்டு நிற்பதற்கோ துணைக்கு இன்னொரு மாடு கிடையாது. சில மாடுகள் கத்தவே கத்தாது. ஊமைப் பருவம் என்போம். எருமையில் இது இன்னும் அதிகம். அதனால் கத்துவதை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த கோழை கயிறு போலத் தொங்கும். அது வாலிலும் பின்தொடையிலும் காய்ந்து பளபளவென்று ஒட்டியிருக்கும். பிறப்புறுப்பு லேசாக வீங்கி உள்ளே சிவந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி மூத்திரம் விடும். தீவனத்தில் அக்கறை இருக்காது, அன்றைக்கு மட்டும் பால் குறையும். காலை ஐந்து மணிக்கும் ராத்திரி படுக்கப் போகும் முன்னும் டார்ச் அடித்து, மாடு படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். படுக்கும்போது வயிறு அழுந்தி, உள்ளே தேங்கிய கோழை தரையில் வழிந்து கிடக்கும். கத்தாத மாட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தரைதான்.

இன்னொரு சங்கதி, கரு தங்கி அழிவது. ஊசி போட்ட மாடுகளில் கரு உண்டாவது நாம் நினைப்பதைவிட அதிகம். அதில் ஒரு நல்ல பங்கு முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் அழிந்துபோகிறது. 16, 17ஆம் நாள் வாக்கில் கரு, இன்டர்ஃபெரான் டௌ என்ற ஒரு புரதத்தைச் சுரந்து தான் இருப்பதைத் தாயின் கர்ப்பப்பைக்குத் தெரிவிக்கும். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் மாடு அடுத்த பருவத்தை நிறுத்திவைக்கும். செய்தி சொல்லிவிட்டு அதன் பிறகு கரு இறந்தால், மாடு 21ஆம் நாள் அமைதியாக இருந்துவிட்டு 28 அல்லது 35ஆம் நாள் கத்தும். "நாள் தவறிக் கத்துது, என்னமோ தெரியலை" என்று சொல்வார்களே, அதில் பல இந்த வகை.

கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தாலும் மாடு கத்தாது. உள்ளே ஏதோ நிரம்பியிருப்பதை உடம்பு சினை என்றே எடுத்துக்கொள்ளும். கன்று போட்ட பிறகு எலும்பு தெரிய இளைத்த மாடும், தாது உப்பே கண்டிராத மாடும்கூடப் பருவத்துக்கு வராமல் கிடக்கும். இவையெல்லாம் வெளியிலிருந்து பார்க்கச் சினை மாடு மாதிரியேதான் இருக்கும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. சினை மாடும் சில சமயம் கத்தும், தாவும், கோழைகூட விடும். ஒரு வீட்டில் நாலு மாதச் சினை மாடு ஒன்று இப்படிக் கத்தியது. வீட்டுக்காரர் பதறிப்போய் ஊசி போடுபவரைக் கூப்பிட்டார். அவர் உள்ளே தொட்டுப் பார்க்காமல், துப்பாக்கி என்று நாங்கள் சொல்லும் சினை ஊசிக் குழாயைச் செலுத்தி ஊசியைப் போட்டுவிட்டார். யார் என்பது இங்கே வேண்டாம். சினை மாட்டின் கர்ப்பப்பை வாயைக் கெட்டியான பிசின் மாதிரி ஒரு கோழை அடைத்துக் காக்கிறது. அது உடைந்தது. நாலைந்து நாளில் முடி முளைக்காத கன்று வெளியே வந்து விழுந்தது. அந்த அம்மா சாணம் அள்ளுவதற்கு வந்தபோது பார்த்தாராம். அதனால், ஏற்கெனவே ஊசி போட்ட மாடு திரும்பக் கத்தினால், அடுத்த ஊசிக்கு முன் "ஒருதரம் கை விட்டுப் பாத்துட்டுப் போடுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது கை விட்டுப் பார்ப்பது. இதைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது, டாக்டர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகக் கையை விடுவார் என்பது மட்டும்தான். கை போவது மலக்குடலுக்குள். சாணத்தை வெளியே எடுத்துவிட்டு, குடல் சுவரின் வழியாக அதற்குக் கீழே கிடக்கும் கர்ப்பப்பையைத் தடவிப் பார்க்கிறோம். காலியான கர்ப்பப்பை ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டிருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், தொட்டால் சுருங்கி விறைக்கும். சினை பிடித்திருந்தால் ஒரு பக்கக் கொம்பு மட்டும் பருத்து, சுவர் மெலிந்து, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளவென்றிருக்கும்.

பருத்திருக்கிறது என்பது மட்டும் போதாது. சினை என்று அடித்துச் சொல்ல நாலு அடையாளங்களில் ஒன்றாவது விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கருவைச் சுற்றியுள்ள சிறு நீர்ப்பை ஒன்று. சவ்வு நழுவுவது இன்னொன்று. உள்துணி வைத்துத் தைத்த சட்டையைக் கிள்ளிப் பிடித்தால் உள்துணி முதலில் விரலிலிருந்து நழுவி, பிறகு மேல்துணி நழுவுமே, கொம்பை மெதுவாகக் கிள்ளினால் அதே மாதிரி இருக்கும். கை பழகியவருக்கு 35 நாளிலிருந்தே இது கிடைக்கும். ஆனால் அந்த வயதில் அழுத்திக் கிள்ளுவதை நான் விரும்புவதில்லை. மூன்றாவது, தாயையும் கருவையும் இணைக்கும் பொத்தான்கள். இரண்டரை மாதத்துக்கு மேல் கர்ப்பப்பைச் சுவரில் சுண்டைக்காய் மாதிரி தட்டுப்படும், மாதம் ஏற ஏறப் பெருக்கும். நாலாவது கன்றேதான். இரண்டு மாதக் கரு சுண்டெலி அளவு, மூன்று மாதத்தில் பெருச்சாளிக்குக் கொஞ்சம் சின்னது, நாலு மாதத்தில் பூனைக்குட்டி, ஐந்தில் பெரிய பூனை. இந்த அளவுகளை வைத்துத்தான் "இத்தனை மாதம்" என்று சொல்கிறோம்.

எனக்குப் பிடித்த அடையாளம் வேறு ஒன்று. கர்ப்பப்பைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் மூன்று நாலு மாதத்துக்கு மேல் தடித்துவிடும். அதை லேசாகப் பிடித்தால் சாதாரண நாடித்துடிப்பு மாதிரி இருக்காது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைப் பாதி நெரித்துப் பிடித்தால் கையில் ஒரு விறுவிறுப்பு தெரியுமே, அது. ஐந்து, ஆறு மாதத்தில் இது ரொம்ப உதவும். ஏனென்றால் அந்த மாதங்களில் கன்றின் எடைக்குக் கர்ப்பப்பை வயிற்றுக்குள் ஆழமாக இறங்கிவிடும், கைக்குக் கன்று எட்டாது. அனுபவமில்லாதவர் "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிடும் மாதங்கள் இவை. ஏழாம் மாதம் கன்று மறுபடி கைக்கு வந்துவிடும்.

தப்பு யாருக்கும் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பாட்டியம்மா வீட்டு மாட்டைப் பார்த்து "மூணு மாசச் சினை" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் தொட்டது நிரம்பிய மூத்திரப்பை. அடுத்த வாரம் மாடு கத்தியது. பாட்டி என்னை வரச்சொல்லி, மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "ஏங் கண்ணு, மூணு மாசச் சினைமாடு கத்துமா?" என்று கேட்டார். அதிலிருந்து, மாட்டை மூத்திரம் விடவைத்துவிட்டுத்தான் கை விடுவது. கர்ப்பப்பை வாயைப் பிடித்து அங்கிருந்து ஒவ்வொரு கொம்பாகத் தொடர்ந்து போகாமல் பதில் சொல்வதில்லை. சீழ் கட்டிய கர்ப்பப்பையும் இதே மாதிரி ஏமாற்றும். பருத்திருக்கும், ஆனால் சவ்வு நழுவாது, பொத்தான் இருக்காது, சுவர் தடித்திருக்கும்.

ஏன் 60ஆம் நாள் என்கிறேன்? 45 நாளில் பார்க்கத் தெரிந்த கைகள் உண்டு. ஆனால் உங்கள் ஊருக்கு வருகிற கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. 60 நாளில் ஓரளவு பழகிய யாருக்கும் பிழை குறைவு, கருவும் கொஞ்சம் திடமாகியிருக்கும், முதல் மாதத்தில் அழிய வேண்டிய கருவெல்லாம் பெரும்பாலும் அழிந்து முடிந்திருக்கும். வீட்டுக்காரர் தானே கை விட்டுப் பார்க்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. வேண்டாம். மலக்குடல் சுவர் மெல்லியது, கிழிந்தால் மாடு பிழைப்பது கஷ்டம். அப்புறம், பல மாடுகளைப் பார்க்கும் இடத்தில் மாட்டுக்கு மாடு உறையை மாற்றச் சொல்லுங்கள்.

40ஆம் நாளிலேயே தெரிய வேண்டும் என்று அவசரமிருந்தால் ஸ்கேன் ஒன்றுதான் வழி. 28, 30 நாளிலேயே கருவும் அதன் இதயத் துடிப்பும் திரையில் தெரியும். கருவியை மலக்குடல் வழியாகவே வைக்கிறார்கள். கிராமத்து மருந்தகத்தில் எதிர்பார்க்க முடியாது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஒற்றை மாட்டுக்காக வண்டி பிடித்து அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருபது நாள் பொறுத்தால் உள்ளூரிலேயே முடிகிற வேலை. முப்பது நாற்பது மாடு வைத்துப் பண்ணை நடத்துபவருக்கு இது வேறு கணக்கு.

ரத்தத்திலோ பாலிலோ பார்க்கும் முறைகளும் உண்டு. ஊசி போட்ட 21 முதல் 24 நாளுக்குள் பாலில் புரோஜெஸ்டிரோன் எவ்வளவு என்று பார்ப்பது பழைய முறை. அளவு குறைவாக இருந்தால் சினை இல்லை, நம்பலாம். அதிகமாக இருந்தால் சினையாக இருக்கலாம் என்பதோடு சரி. கரு பின்னால் அழியலாம், பருவச் சுழற்சி நாள் மாறியிருக்கலாம். நஞ்சுக்கொடி சுரக்கும் புரதத்தை 28ஆம் நாளிலிருந்து கண்டுபிடிக்கும் சோதனை வெளிநாட்டுப் பண்ணைகளில் இப்போது சாதாரணம். அதிலும் ஒரு சிக்கல்: போன ஈத்தின் புரதம் கன்று போட்டு இரண்டு மாதம்வரை ரத்தத்தில் தங்கியிருக்கும். கன்று போட்டுக் கொஞ்ச நாளே ஆன மாட்டில் அவசரப்பட்டால் பழைய சினையைக் காட்டி ஏமாற்றிவிடும்.

இனி நீங்கள் கேட்ட வீட்டுச் சோதனைகள். மருந்துக்கடையில் பெண்களுக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டை மாட்டு மூத்திரத்தில் முக்கிப் பார்த்தேன் என்று வாரம் ஒருவராவது சொல்கிறார்கள். அந்தக் கிட் பார்ப்பது மனிதக் கருவின் நஞ்சுக்கொடி சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோனை. மாட்டுக்கு அந்த ஹார்மோனே கிடையாது. ஒரு கோடு வந்தாலும் இரண்டு கோடு வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை.

விதை முளைப்புச் சோதனை கொஞ்சம் சுவாரசியமானது. கர்நாடகத்து நாட்டுப்பாடலில் வரும், சொன்ன சொல் தவறாத பசுவின் பெயரால் புண்யகோட்டி சோதனை என்று இதற்குப் பெயர். மாட்டு மூத்திரம் ஒரு பங்கு, தண்ணீர் 14 பங்கு கலந்து ஒரு தட்டில் கோதுமையையோ பச்சைப்பயறையோ ஊறப்போட வேண்டும். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால், சினை மாட்டு மூத்திரத்தில் விதை சரியாக முளைக்காது, முளைத்தாலும் குருத்து குட்டையாக இருக்கும். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய எகிப்தியர்களும் கோதுமை, பார்லியை வைத்துப் பெண்களுக்கு இதையே செய்தார்கள், ஆனால் அங்கே முளைத்தால்தான் கர்ப்பம்! மாட்டில் தலைகீழ். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மாடு குடித்த தண்ணீர், தின்ற தீவனம், விதையின் தரம், எல்லாமே முளைப்பை மாற்றும். கெட்டியான மூத்திரம் என்றால் வெறும் மாட்டுக்கும் விதை முளைக்காது. பேரியம் குளோரைடு சொட்டு விட்டுப் பார்ப்பதும் இப்படித்தான்: மூத்திரத்தில் வெள்ளையாகப் படிந்தால் சினை இல்லை, தெளிவாக இருந்தால் சினை என்பார்கள். செய்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. அதை நம்பி மாட்டை விற்கவோ டாக்டரைக் கூப்பிடாமல் இருக்கவோ செய்யாதீர்கள்.

வெளியே தெரியும் அடையாளங்கள் எல்லாம் தாமதமாக வருபவை. ரோமம் மினுமினுக்கிறது, மாடு சாதுவாகிவிட்டது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. கிடாரி என்றால் நாலைந்து மாதத்தில் காம்பைப் பிதுக்கினால் தேன் மாதிரி பிசுபிசுவென்று ஒரு சொட்டு வரும், ஐந்தாறு மாதத்தில் மடி கட்டத் தொடங்கும். கறவை மாட்டில் கடைசி இரண்டு மூன்று வாரத்தில்தான் மடி இறங்கும். ஆறு, ஏழு மாதத்தில் வலப்பக்க அடிவயிற்றில் கைமுட்டியை வைத்து உள்ளே தள்ளி விட்டால், கெட்டியாக ஏதோ ஒன்று மிதந்து வந்து கையில் இடிக்கும். அதுதான் கன்று. இடப்பக்கம் இரைப்பை இருப்பதால் அங்கே தேடாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்த கையோடு வலப்பக்கம் கன்று அசைவதையும் சில நேரம் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "மாடு கத்தவே மாட்டேங்குது, பருவத்துக்கு வர ஒரு ஊசி போடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த வேலைக்குப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி, சினைப்பையில் சினையைத் தாங்கிப் பிடித்திருக்கும் மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். மாடு சினையாக இருந்தால், அதிலும் முதல் ஐந்து மாதத்துக்குள் இருந்தால், கரு போய்விடும். கத்தாத மாட்டுக்கு எந்த ஊசியும் சினை பார்த்த பிறகுதான். வேறு நோய்க்கு வைத்தியம் பார்க்க வருபவரிடமும் "சினை ஊசி போட்டு இத்தனை நாளாச்சுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில ஸ்டீராய்டு மருந்துகள் நிறைமாதத்தில் கன்றை முன்கூட்டியே தள்ளிவிடும். அப்படி எதனாலோ கரு விழுந்தால், அதையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட வேண்டாம். புரூசெல்லா என்ற தொற்று அந்த வழியில் மனிதருக்கும் வரும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், நாய்க்கு விடாதீர்கள்.

உங்கள் மாட்டின் தேதிகளுக்கு வருவோம். ஜூன் 12இலிருந்து 21ஆம் நாள் ஜூலை 3. அந்த வாரம் நீங்கள் எவ்வளவு கவனித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 42ஆம் நாள் ஜூலை 24, அதாவது நாளை மறுநாள். அதனால்தான் இந்த வாரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பருவம் தெரிந்தால், காலையில் பார்த்ததற்குச் சாயங்காலமும், சாயங்காலம் பார்த்ததற்கு மறுநாள் காலையும் ஊசி, அதுவும் கை விட்டுப் பார்த்த பிறகு. தெரியாவிட்டால் ஆகஸ்ட் 11இல் டாக்டர். அவர் சினை என்று சொன்னாலும் செப்டம்பர் 10 வாக்கில், 90ஆம் நாள், மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 60க்குப் பிறகு கழிகிற கருவும் கொஞ்சம் இருக்கிறது. சினை இல்லை என்று சொன்னால், "கர்ப்பப்பையும் சினைப்பையும் எப்படி இருக்குங்க?" என்று அப்போதே கேட்டு, அடுத்த பருவம் எப்போது என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே "இல்லை" என்று கேட்டுக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள்.

சினை நின்றிருந்தால் கன்று மார்ச் 19 வாக்கில், ஒரு வாரம் முன்பின். ஜனவரி 18இல் கறவையை நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான் கன்று வேகமாக வளரும், தீவனத்தில் கை வைக்காதீர்கள். ஊசி போட்ட தேதியையும் காது வில்லை எண்ணையும் தொழுவச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். டாக்டர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான், ஃபோனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.